கரிசல் வெயிலும் நூறு மீட்டர் ஜீரோவும்

நெடுந்தூரத் துப்பாக்கி சுடுதலைப் பற்றிப் பேச்செடுத்தால், அது பெரும்பாலும் ஸ்கோப்பின் விலையிலும் அது எத்தனை மடங்கு பெரிதாக்கிக் காட்டும் என்பதிலும் போய் நின்றுவிடுகிறது. அடிப்படையான கேள்வி அதற்கு முன்னால் இருக்கிறது. துப்பாக்கிக்கு ஜீரோ வைப்பது என்றால் எந்தத் தூரத்தில், எந்த வெயிலில், எந்தக் காற்றில் வைப்பது? வைத்த ஜீரோவை எதுவரை நம்பலாம்? விருதுநகர் மாவட்டத்தின் கரிசல் சமவெளியை, குறிப்பாகச் சாத்தூர் வட்டாரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியை ஆராய்வதற்குக் காரணம் உண்டு. சுடுதல் பற்றிய கையேடுகளும் அட்டவணைகளும் பெரும்பாலும் குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. 15 பாகை செல்சியஸ் வெப்பத்தையும் கடல்மட்டக் காற்றழுத்தத்தையும் இயல்பு நிலையாக அவை கொள்கின்றன. சாத்தூரில் அந்த 15 பாகையை மார்கழி விடியலில்கூடப் பார்ப்பது அரிது. ஆகவே ஜீரோவுக்குள் எது அடங்கும், எது அடங்காது என்பதைப் பிரித்தறிய இந்த நிலம் நல்ல சோதனைக்களம். இக்கட்டுரையின் வாதம் இது: ஜீரோவை நூறு மீட்டரில் வைக்க வேண்டும், வைத்தபின் அதைத் தொடக்கூடாது, வெயில், காற்று, உயரம், தூரம் ஆகிய மற்ற அனைத்தையும் தனித்தனியே அளந்து அதன்மேல் கூட்ட வேண்டும். தொலைவான ஜீரோவில் இவையெல்லாம் கலந்துவிடுகின்றன. கலந்ததைப் பிறகு பிரிக்க முடிவதில்லை.

முதலில் இயக்கத்தைப் பார்ப்போம். ஸ்கோப் வழியே போகும் பார்வைக்கோடு நேரானது. குழலை விட்டுக் கிளம்பிய கணத்திலேயே குண்டு விழத் தொடங்குகிறது. ஸ்கோப் குழலுக்கு நாலைந்து சென்டிமீட்டர் மேலே உட்கார்ந்திருப்பதால், குழல் பார்வைக்கோட்டை நோக்கிச் சற்றே மேல்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். இந்தச் சாய்வைத் திருத்தி, குண்டின் பாதையும் பார்வைக்கோடும் ஒரு குறிப்பிட்ட தூரத்தில் சந்திக்கும்படி செய்வதே ஜீரோ வைப்பது. ஸ்கோப்பின் மேல்புறத்திலும் பக்கவாட்டிலும் உள்ள திருகுகளை ஒரு கிளிக் திருப்பினால், மில் என்ற கோண அளவில் அது ஒரு மில்லில் பத்தில் ஒரு பங்கு, அதாவது நூறு மீட்டரில் ஒரு சென்டிமீட்டர். எம்.ஓ.ஏ. (கோண நிமிட) அளவுக் கருவியில் கால் எம்.ஓ.ஏ. என்றால் நூறு மீட்டரில் சுமார் 7 மில்லிமீட்டர். பேச்சு தெளிவாக இருக்கட்டும் என்பதற்காக இனி வரும் கணக்குகளுக்கெல்லாம் ஒரே தோட்டாவை எடுத்துக்கொள்கிறேன்: 7.62×51 மி.மீ. வகை, குண்டின் எடை சுமார் 11 கிராம், குழல்வாய் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 790 மீட்டர். நூறு மீட்டரில் ஜீரோ வைத்த இத்தகைய துப்பாக்கிக்கு ஆயிரம் மீட்டரில் பதினொன்றரை மில் அளவு, அதாவது நூறு கிளிக்குகளுக்கு மேல், ஏற்ற வேண்டியிருக்கும். குண்டு பதினோரு மீட்டருக்கு மேல் விழுகிறது. அதில் சிறு விழுக்காடு பிழைத்தாலும் அரை மீட்டர் தவறும்.

இந்த வீழ்ச்சியை முதன்முதலில் ஒழுங்காக அளந்தவரின் வாழ்க்கை முடிந்தது தமிழ் மண்ணில் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலக் கணித அறிஞர் 1742இல் பீரங்கிக் கலையின் புதிய கோட்பாடுகளை நூலாக வெளியிட்டார். கனமான மரக்கட்டையை ஊசலாகத் தொங்கவிட்டு, அதில் குண்டைப் பாய்ச்சி, கட்டை எவ்வளவு தூரம் ஆடுகிறது என்பதிலிருந்து குண்டின் வேகத்தைக் கணித்தார். அதுவரை குண்டு பரவளையப் பாதையில் போகிறது என்ற கலிலியோவின் கணக்கையே வைத்துக்கொண்டு, காற்றின் தடையைப் பொருட்படுத்தாமல் இருந்தார்கள். வேகமாகச் செல்லும் குண்டுக்குக் காற்று கொடுக்கும் தடை அதன் எடையைவிடப் பன்மடங்கு என்று ராபின்ஸ் காட்டினார். ஆய்லர் அந்த நூலை ஜெர்மன் மொழியில் பெயர்த்து விரிவுரையும் எழுதினார். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராகக் கோட்டைகளைச் செப்பனிட வந்த ராபின்ஸ், 1751இல் கடலூர் புனித டேவிட் கோட்டையில் காலமானார். அவர் விட்டுச்சென்ற பாடம் இந்த விவாதத்துக்கு நேரடியாகப் பொருந்தும். குண்டு எங்கே விழும் என்று சொல்ல வேண்டுமானால் அதன் வேகத்தையும் அது கடக்கும் காற்றையும் தனித்தனியே அளக்க வேண்டும். இலக்கில் விழுந்த துளையை மட்டும் பார்த்தால் இந்த இரண்டில் எது எவ்வளவு காரணம் என்று தெரியாது.

நூறு மீட்டர் ஜீரோ எளிது என்ற எண்ணமும் தவறு. ஸ்கோப்பைத் துப்பாக்கியில் பொருத்தும்போதே வேலை தொடங்குகிறது. வளையங்களின் திருகுகள் ஒரே இறுக்கத்தில் இருக்க வேண்டும். குறுக்குக் கோட்டின் செங்குத்துக் கோடு, தூக்குக்குண்டு தொங்கும் கயிற்றோடு ஒன்றிப்போக வேண்டும். கண்ணாடியின் பின்புறத் திருகைச் சுற்றிக் குறுக்குக் கோடு தெளிவாகத் தெரியும்படி முதலில் கண்ணுக்கேற்ப அமைத்துக்கொண்டு, பிறகுதான் பக்கவாட்டுக் குமிழால் இலக்கின் தூரத்துக்குக் குவிக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் தலையை அசைக்கும்போது குறுக்குக் கோடு இலக்கின்மேல் நகரும். அந்த நகர்வையே பிழை என்று எண்ணிக் கிளிக் திருப்புகிறவர்கள் உண்டு. அடுத்தது சுடும் எண்ணிக்கை. மூன்று குண்டு சுட்டு, அதன் நடுவைப் பார்த்து, கிளிக் திருப்பி முடித்துவிடுவதே பரவலான வழக்கம். எளிய புள்ளியியல் அந்த வழக்கத்துக்கு எதிராக நிற்கிறது. ஒரு துப்பாக்கியின் சிதறல் நூறு மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் திட்டவிலக்கம் என்று கொண்டால், மூன்று குண்டுகளின் நடுப்புள்ளி உண்மையான நடுவிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கு மேல் விலகியிருக்கும் வாய்ப்பைத் தள்ளிவிட முடியாது. ஒரு சென்டிமீட்டர் என்பது ஒரு முழுக் கிளிக். பத்துக் குண்டுகளின் நடுவை எடுத்தால் அந்த ஐயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. தோட்டா விலையைக் காரணம் காட்டி இதை மறுப்பவர்கள், தவறான ஜீரோவோடு பிறகு சுடும் ஒவ்வொரு தோட்டாவும் அந்தப் பிழையைச் சுமக்கிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி வெயில். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பட்டாசுத் தொழிலாளர்களுக்கு மருந்தின் குணத்தைப் புத்தகம் பார்த்துச் சொல்லத் தேவையில்லை. வெயில் ஏறுவதற்குள் மருந்து கலக்கும் வேலையை முடித்துவிட வேண்டும் என்பது அங்கே உயிர்காக்கும் நடைமுறை. அவர்கள் கையாளும் கலவையும் தோட்டாவுக்குள் இருக்கும் புகையற்ற மருந்தும் வேறு வேறு வேதிப்பொருள்கள்தான். ஆனால் சூடான மருந்து விரைந்து எரியும் என்ற இயல்பு இரண்டுக்கும் பொது. சாதாரணத் தோட்டா மருந்தில் வெப்பம் ஒரு பாகை கூடினால் குழல்வாய் வேகம் நொடிக்கு அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை கூடுவது வழக்கம். வெப்பத்துக்கு அசையாதபடி தயாரிக்கப்படும் சிறப்பு மருந்துகளில் இது மிகக் குறைவு. மார்கழி விடியலின் 20 பாகைக்கும் சித்திரை பிற்பகலின் 40 பாகைக்கும் நடுவே வேகம் நொடிக்கு 15 மீட்டர் மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு விழுக்காடு வேகம் கூடினால் வீழ்ச்சி ஏறத்தாழ நான்கு விழுக்காடு குறையும். நூறு மீட்டரில் வீழ்ச்சியே எட்டு சென்டிமீட்டர் அளவுதான் என்பதால் மாற்றம் மூன்று மில்லிமீட்டர். ஒரு கிளிக்கில் மூன்றில் ஒரு பங்குகூட அனேகமாக வராது. முந்நூறு மீட்டரில் அது மூன்று சென்டிமீட்டர். ஆயிரம் மீட்டரில் அரை மீட்டரை நெருங்குகிறது. ஒரே மருந்து, ஒரே வெயில், ஒரே துப்பாக்கி. நூறு மீட்டர் அட்டையில் கண்ணுக்குத் தெரியாதது ஆயிரம் மீட்டரில் இலக்கையே தவறவிடும். வெயிலில் கிடந்த தோட்டாவும் சூடேறிய குழலறைக்குள் சில நிமிடம் காத்திருந்த தோட்டாவும் காற்றின் வெப்பத்தைவிட அதிகமாகச் சூடேறியிருக்கும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். கரிசல் மண்ணில் தோட்டாப் பெட்டிக்கு நிழல் தேடுவதும் குறிபார்ப்பதில் ஒரு பகுதிதான்.

வெப்பம் மருந்தை மட்டும் மாற்றுவதில்லை, காற்றையும் மெலியச் செய்கிறது. சாத்தூர் கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் இருக்கிறது. அங்கே 40 பாகை வெப்பத்தில் காற்றின் அடர்த்தி, அட்டவணைகள் எடுத்துக்கொள்ளும் 15 பாகைக் காற்றைவிட சுமார் எட்டு விழுக்காடு குறைவு. தடை குறைந்தால் குண்டு மேலே தங்கும். ஆக, வெயிலின் இரு விளைவுகளும் ஒரே திசையில் சேர்ந்துகொள்கின்றன. இங்கே ஒரு பொதுவான தவறான நம்பிக்கையையும் திருத்த வேண்டும். ஐப்பசி மழைக்காலத்தில் காற்று ஈரமாக, கனமாக இருப்பதால் குண்டு தாழ்ந்துவிழும் என்பார்கள். நீராவி மூலக்கூறு, காற்றின் நைட்ரஜன், ஆக்சிஜன் மூலக்கூறுகளைவிட எடை குறைந்தது. எனவே அதே வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஈரக்காற்று உலர்காற்றைவிடச் சற்றே மெலிந்தது. வித்தியாசம் மிகச் சிறியது, அதைக் கணக்கில் கொள்ளாமலும் விடலாம். திசையை மட்டும் தலைகீழாக எண்ணிவிடக் கூடாது.

உயரத்தை இதோடு ஒப்பிட்டால் விஷயம் இன்னும் தெளிவாகும். தென்மாவட்டங்களிலிருந்து படைக்குச் செல்லும் இளைஞர்கள் வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையத்தில் பயிற்சி பெற்று, லடாக் வரை பணிக்குச் செல்கிறார்கள். லே நகரம் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. சமவெளி அட்டவணையை அப்படியே அங்கே பயன்படுத்தினால், மெலிந்த காற்று ஒன்றினால் மட்டுமே ஆயிரம் மீட்டரில் குண்டு ஒன்றரை மீட்டருக்கு மேல் உயர்ந்துபோகும். அதே சமயம் உறைகுளிர் மருந்தின் வேகத்தைக் குறைத்துக் குண்டைக் கீழே இழுக்கும். இரண்டும் எதிரெதிர்த் திசைகள். ஒரு நாள் இரண்டும் ஓரளவு சமமாகி, பழைய அட்டவணையே சரி என்று தோன்றிவிடவும் கூடும். அப்படித் தற்செயலாகக் கிடைத்த சரியை நம்பி அடுத்த நாள் வெயில் அடிக்கையில் சுட்டால் ஏமாற்றம்தான். வேகத்தைத் தனியாகவும் காற்றடர்த்தியைத் தனியாகவும் அளந்தவருக்கு இந்த மயக்கம் வராது. நூறு மீட்டர் ஜீரோ மட்டும் சாத்தூரிலும் லேயிலும் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கும்.

காற்றின் வீச்சுதான் இந்த வாதத்துக்கு வரும் கடுமையான சோதனை. செங்கோட்டைக் கணவாய் வழியே ஆனி, ஆடி மாதங்களில் பாயும் மேல்காற்றை நம்பித்தான் கயத்தாற்றுப் பகுதியில் காற்றாலைகள் நிற்கின்றன. தேசியக் காற்றுச் சக்தி நிறுவனத்தின் சோதனை நிலையமும் அங்கே இருக்கிறது. கோவில்பட்டியைக் கடந்து சாத்தூர் வரை அந்தக் காற்றின் வேகம் தெரியும். மணிக்கு 10 கிலோமீட்டர் குறுக்குக் காற்று, எடுத்துக்கொண்ட தோட்டாவை ஆயிரம் மீட்டரில் ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளும். நூறு மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் தள்ளும். ஆடிக்காற்று மணிக்கு 25, 30 கிலோமீட்டர் என்று வீசும் நாளில் நூறு மீட்டரிலேயே மூன்று கிளிக் அளவு பிழை புகுந்துவிடும். ஆகவே நூறு மீட்டர் ஜீரோ வெயிலுக்கும் உயரத்துக்கும் அசையாது என்று சொல்வதுபோல் காற்றுக்கும் அசையாது என்று சொல்லிவிட முடியாது. பக்கவாட்டு ஜீரோவை ஆடி மாதத்தில் வைக்க நேர்ந்தால் காற்று அடங்கியிருக்கும் விடியற்காலையில்தான் வைக்க வேண்டும். அல்லது காற்று வரும் திசைக்கு நேர்கோட்டில் இலக்கை அமைக்க வேண்டும். மேல்காற்று வீசும் நாட்டில் கிழக்கு மேற்காக அமைந்த சுடுதளம் ஜீரோ வைக்க வசதி. வடக்கு தெற்காக அமைந்தது காற்றைப் படிக்கக் கற்றுக்கொள்ள வசதி. இரண்டும் வேறு வேறு வேலைகள். காற்று அன்றைக்கு வீசியபடியே ஜீரோவில் ஏற்றிவிட்டால், காற்றில்லாத நாளில் துப்பாக்கி அதே அளவு எதிர்ப்பக்கம் தவறும்.

காற்றைப் படிப்பதிலும் கரிசலுக்கென்று தனிச் சிக்கல் உண்டு. ஆயிரம் மீட்டருக்குச் செல்லும் குண்டு பாதிவழியைக் கடந்தபின் பார்வைக்கோட்டுக்கு நான்கு மீட்டர் அளவு மேலே பறக்கிறது. கண்மாய்க் கரைகளிலும் தரிசுகளிலும் அடர்ந்திருக்கும் சீமைக்கருவேலம் தரைக்காற்றை மறித்துவிடும். குண்டோ அதன் தலைக்கு மேலே தடையில்லாத காற்றில் போகும். புல்லும் சிறு கொடியும் அசைவதை மட்டும் பார்த்துக் கணக்கிட்டால் குறைத்து மதிப்பிடுவோம். சுடுபவருக்குப் பக்கத்துக் காற்றுக்கு மற்றொரு முக்கியத்துவமும் உண்டு. ஆரம்பத்தில் குண்டைத் திருப்பிய சிறு கோணம் மீதித் தூரம் முழுவதும் பெருகிக்கொண்டே போகும். இலக்கருகே வீசும் அதே காற்றுக்கு அந்த வாய்ப்பில்லை.

பிறகு கானல். கரிசல் வெளியில் காலை பத்து மணிக்கு மேல் ஸ்கோப்பில் தெரியும் உருவம் நீரோட்டம்போல நெளியத் தொடங்கும். அதில் பயனும் உண்டு, ஆபத்தும் உண்டு. கானல் நேர்மேலாகக் கொதித்தால் குறுக்குக் காற்று அனேகமாக இல்லை. சாய்ந்து ஓடினால் சாயும் பக்கமும் சாய்வின் அளவும் காற்றின் திசையையும் வேகத்தையும் சொல்லும். காற்று மிகவும் வலுத்தால் கானல் தட்டையாகி, அதற்குமேல் எதையும் பிரித்துச் சொல்லாது. ஆபத்து என்னவென்றால், ஒளி வளைவதால் இலக்கின் உருவமே இடம் பெயர்ந்து தெரிவது. அதை நோக்கிச் சரியாகச் சுட்டாலும் தவறும். இந்த நிலத்தின் வழியே இன்னொரு துறையான நில அளவையும் இதே சிக்கலைச் சந்தித்திருக்கிறது. 1802 ஏப்ரலில் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளக்கத் தொடங்கிய வில்லியம் லாம்டன், அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியோடு தமிழகத்தின் குறுக்கும் நெடுக்குமாகக் கோணங்களை அளந்தார். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அதை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து கட்டடத்தில் மோதிச் சேதமானதும், அவர் அமர்ந்து அதைச் சீர்செய்ததும் அளவியல் வரலாற்றில் புகழ்பெற்ற செய்தி. குமரியிலிருந்து வடக்கே சென்ற பெரும் வளைகோடு 78 பாகை தீர்க்கரேகையை ஒட்டிப் போனது; சாத்தூர் அந்த ரேகைக்குச் சற்று மேற்கே இருக்கிறது. லாம்டனுக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட், பகல் வெப்பத்தில் பார்வைக்கோடு நடுங்குவதைத் தவிர்க்க இரவில் விளக்கை இலக்காக வைத்து அளக்கும் முறையைப் பரவலாக்கினார். சுடுதளத்துக்கு இதன் பொருள் எளிது: ஜீரோ வைக்க ஏற்ற நேரம் சூரியன் மண்ணைச் சுடுவதற்கு முந்தைய முதல் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் காற்றும் அடங்கியிருக்கும், கானலும் இருக்காது, மருந்தும் சூடேறியிருக்காது.

பூமியின் சுழற்சியைப் பற்றியும் ஒரு சொல். குளிர்நாட்டுக் கையேடுகள் பூமி சுழல்வதால் குண்டு பக்கவாட்டில் விலகும் என்று விரிவாக எழுதும். 45 பாகை அட்சரேகையில் ஆயிரம் மீட்டருக்கு அது 9 சென்டிமீட்டர் அளவு. சாத்தூர் இருக்கும் 9.4 பாகையில் கணக்கிட்டால் 2 சென்டிமீட்டருக்கு மேல் வராது, மறந்துவிடலாம். ஆனால் அதே சுழற்சியின் செங்குத்து விளைவு நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கப் பெரிதாகிறது. இங்கே கிழக்கு நோக்கிச் சுட்டால் குண்டு சுமார் 12 சென்டிமீட்டர் உயரும், மேற்கு நோக்கிச் சுட்டால் அதே அளவு தாழும். இரண்டுக்கும் இடையே கால் மீட்டர். குண்டின் சுழற்சியால் வலப்பக்கம் ஏற்படும் 20 சென்டிமீட்டர் அளவு நகர்வும் பக்கவாட்டுச் சுழற்சி விளைவைவிடப் பத்து மடங்கு பெரியது. வேறு அட்சரேகைக்கு எழுதிய எச்சரிக்கையை இங்கே அப்படியே பின்பற்றுபவர், கவலைப்பட வேண்டாததற்குக் கவலைப்பட்டு, கவனிக்க வேண்டியதைக் கோட்டைவிடுவார்.

இவையெல்லாம் வெளியிலிருந்து வரும் பிழைகள். ஸ்கோப்புக்குள்ளேயே இருக்கும் பிழை ஒன்று உண்டு. பத்து மில் என்று திருப்பினால் குறுக்குக் கோடு உண்மையிலேயே பத்து மில் நகர்கிறதா? பெரும்பாலோர் இதைச் சோதிப்பதே இல்லை. நூறு மீட்டரை அளவுநாடாவால் சரியாக அளந்து, உயரமான அட்டையில் தூக்குக்குண்டு வைத்துச் செங்குத்துக் கோடு வரைந்து, அடியில் ஒரு புள்ளியைக் குறிவைத்துச் சுட வேண்டும். பிறகு பத்து மில் ஏற்றி, அதே புள்ளியைக் குறிவைத்து மீண்டும் சுட வேண்டும். இரண்டு குரூப்புகளின் (குண்டுத் தொகுதிகளின்) நடுவுக்கும் இடையே சரியாக ஒரு மீட்டர் இருக்க வேண்டும். 98 சென்டிமீட்டர்தான் இருந்தால் இரண்டு விழுக்காடு பிழை; ஆயிரம் மீட்டரில் அது 23 சென்டிமீட்டர். இரண்டாவது குரூப் கோட்டின் மேலேயே விழாமல் பக்கம் சாய்ந்தால் குறுக்குக் கோடோ துப்பாக்கியோ சாய்ந்திருக்கிறது. மூன்று பாகைச் சாய்வு கண்ணுக்குத் தெரியாது. நூறு மீட்டர் ஜீரோவில் அரை சென்டிமீட்டரைத் தாண்டாது. ஆயிரம் மீட்டரில் அறுபது சென்டிமீட்டர் பக்கம் தள்ளிவிடும். கொத்தனாரின் ரசமட்டம்போல ஒரு சிறு குமிழை ஸ்கோப்பில் பொருத்திக்கொள்வதற்குச் செலவு அதிகமில்லை. விலையுயர்ந்த கண்ணாடி வாங்கிச் சாய்த்துப் பிடிப்பவரைவிட, நடுத்தரக் கண்ணாடி வாங்கி அதன் பிழையை அளந்து குறித்து வைத்திருப்பவரின் குண்டு இலக்கை நெருங்கி விழும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இந்த நிலைப்பாட்டுக்கு எதிராக வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது படையினரிடமிருந்து வருவது: களத்தில் கிளிக் எண்ணிக்கொண்டிருக்க நேரமில்லை, முந்நூறு மீட்டரில் ஜீரோ வைத்துவிட்டால் அதற்குள் வரும் எதற்கும் நேராகக் குறிவைத்துச் சுடலாம். நெருங்கிய சண்டைக்கான சாதாரணத் துப்பாக்கிக்கு இந்த வாதம் முற்றிலும் சரி. அங்கே இலக்கு மனித உடல் அளவு, சில சென்டிமீட்டர்கள் பொருட்டல்ல. இந்தியப் படை நெடுங்காலம் பயன்படுத்திவரும் டிராகுனோவின் பி.எஸ்.ஓ-1 ஸ்கோப்பில் தூரங்கள் சக்கரத்திலேயே பொறிக்கப்பட்டு, ஆயிரத்துக்கு அப்பால் 1,300 மீட்டர் வரை குறிபார்க்கத் தனிக் குறிகளும் கண்ணாடிக்குள்ளேயே இருக்கின்றன. வேகத்துக்கு அது நல்ல வடிவமைப்பு. ஆனால் அந்தப் பொறிப்பு ஒரே தோட்டாவுக்கும் ஒரே இயல்புக் காற்றுக்கும் உரியது. தூரம் கூடக்கூட அது நிலத்தோடு முரண்படும். இரண்டு நோக்கங்களையும் பிரித்துக்கொண்டால் முரண்பாடு தீர்ந்துவிடும்: அடிப்படை ஜீரோ நூறு மீட்டரில் இருக்கட்டும், அவசரத்துக்கு முந்நூறுக்கான கிளிக்கை ஏற்றிவைத்துக்கொண்டு நகரட்டும். அப்போதும் திரும்பிவர ஓர் உறுதியான இடம் இருக்கும்.

இரண்டாவது மறுப்பு இன்றைய தலைமுறையுடையது. கைபேசிச் செயலியே வெப்பம், அழுத்தம், காற்று எல்லாவற்றையும் சேர்த்து விடையைச் சொல்லும்போது இத்தனை ஆராய்ச்சி எதற்கு என்கிறார்கள். செயலியின் கணக்கு தவறுவதில்லை. அதற்குக் கொடுக்கும் எண்கள்தான் தவறுகின்றன. தோட்டாப் பெட்டியில் அச்சிட்ட வேகம் வேறொரு நீளக் குழலில், வேறொரு வெப்பத்தில் அளக்கப்பட்டது. தன் துப்பாக்கியின் வேகத்தை வேகமானியால் இரண்டு வெப்பநிலைகளிலாவது அளந்து, அதன்பின் அறுநூறு மீட்டர் அளவில் சுட்டு, விழுந்த இடத்துக்கும் கணக்குக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்க்க வேண்டும். வேறுபாடு வந்தால் பலர் ஜீரோவைத் திருகிச் சரிசெய்துவிடுகிறார்கள். அது நோயை மறைக்கும் மருந்து. திருத்த வேண்டியது வேகத்தின் எண்ணையோ குண்டின் காற்றுத்தடை எண்ணையோதான். ஜீரோவைத் திருத்தினால் நூறு மீட்டரிலும் தவறும், எண்ணூறிலும் தவறும்.

மூன்றாவது மறுப்பை எளிதில் தள்ளிவிட முடியாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி படைத்துறைத் தோட்டா பாயும் துப்பாக்கிகளைப் பொதுமக்கள் சாதாரண உரிமத்தில் வைத்திருக்க முடியாது. பட்டாசு ஆலைகளும் தீப்பெட்டி ஆலைகளும் நிறைந்த வட்டாரத்தில் ஆயிரம் மீட்டருக்குச் சுடுவதை எண்ணிப் பார்க்கவும் கூடாது. பின் சாத்தூர்க்காரருக்கு இது எதற்கு? படைக்கும் காவல்துறைக்கும் போகிறவர்கள் ஒருபுறம். மறுபுறம் விளையாட்டு இருக்கிறது. சர்வதேச ரைபிள் போட்டிகளில் தொலைநோக்கி வகைக் குறிகாட்டிகளுக்கு அனுமதியில்லை. துளை வழியே பார்க்கும் நுண்திருகுக் குறிகாட்டிதான். ஆனால் கிளிக்கும் ஜீரோவும் அதே. 50 மீட்டர் ரைபிளில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், மணிக்கு 10 கிலோமீட்டர் குறுக்குக் காற்று .22 குண்டை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி அந்த வளையத்துக்கு வெளியே போட்டுவிடும். முந்நூறு மீட்டர்ப் போட்டியில் அந்த வளையம் 100 மில்லிமீட்டர். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் உலகக் கோப்பைத் தங்கம் வென்ற 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியில் பத்தாவது புள்ளி அரை மில்லிமீட்டர். 2008இல் பெய்ஜிங்கில் தங்கம் வென்ற அபினவ் பிந்திரா, இறுதிச் சுற்றுக்கு முந்தைய சோதனைச் சுடுதலில் குறி வெகுவாக விலகியிருந்ததைக் கண்டு திருத்திக்கொண்டதைத் தன் நூலில் சொல்லியிருக்கிறார். தன் ஜீரோ எங்கே இருந்தது என்று உறுதியாகத் தெரிந்தவரால்தான், அது விலகியதை ஒரே குண்டில் உணர்ந்து நிதானமாகத் திருப்பிக் கொண்டுவர முடியும். .22 துப்பாக்கியோடு 25 மீட்டரில் குரூப் போடும் தேசிய மாணவர் படைப் பிள்ளைகளிடம் இந்த ஒழுங்கைத் தொடக்கத்திலேயே கற்பிக்கத் தனிக் கருவி எதுவும் வேண்டாம். மூன்று குண்டுக்குப் பதில் பத்து, காற்று அடங்கிய நேரம், குறிப்பேட்டில் தேதியும் வெப்பமும்: அவ்வளவுதான்.

எஞ்சியிருப்பது தமிழ்நாட்டுச் சமவெளிக்கென ஓர் அட்டவணை. அதை உருவாக்கத் தேவையானவை இங்கேயே இருக்கின்றன. திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலை விதுவன்சக் என்ற 12.7 மி.மீ. பெருந்துப்பாக்கியைச் செய்கிறது; அதன் எட்டம் 1,800 மீட்டர் என்று குறிக்கப்பட்டுள்ளது. அத்தனை தூரத்தில், மேலே சொன்ன பிழை ஒவ்வொன்றும் ஆயிரம் மீட்டரில் இருப்பதைவிடப் பல மடங்கு பெருகும். வெப்பநிலை, அழுத்தம், காற்று ஆகிய நாள்வாரிப் பதிவுகள் வானிலைத் துறையிடம் இருக்கின்றன. சித்திரைப் பிற்பகல், ஆடி மேல்காற்று, ஐப்பசி ஈரம், மார்கழி விடியல் என்ற நான்கு நிலைகளில் ஒரே தோட்டாவின் வேகத்தை அளந்து, ஒவ்வொன்றுக்கும் நூறு மீட்டர் ஜீரோவின்மேல் ஏற்ற வேண்டிய கிளிக்குகளை 300, 600, 1,000 மீட்டருக்குத் தனித்தனியே எழுதினால் போதும். கிழக்கு நோக்கி, மேற்கு நோக்கி என இரண்டு பத்திகள் அதில் கூடுதலாக இருக்க வேண்டும். பக்கவாட்டுச் சுழற்சிக்கான பத்தி வேண்டியதில்லை.